ஷாம்பெயினுக்கே சவால் விடும் இங்கிலாந்து ஒயின்... குமிழிக்குள் ஒரு குளிர் ரகசியம்!

இங்கிலாந்துன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மழை, டீ, கிரிக்கெட்... திராட்சைத் தோட்டம் நிச்சயம் வந்திருக்காது. ஆனால் இன்றைக்கு அந்நாட்டின் தெற்கில் இருக்கும் சசெக்ஸ், கென்ட் பகுதிகளின் வெள்ளை ஸ்பார்க்லிங் ஒயின், பிரான்ஸின் ஷாம்பெயினோடு சரிக்குச் சமமாகப் போட்டி போடுகிறது. (குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை இது. மது உடலுக்குக் கேடுதான். அந்தக் குமிழி எங்கிருந்து வருகிறது என்பதுதான் நம்ம கேள்வி.)

ஒயினுக்குக் குளிர் எதற்கு? செங்காய் மாங்காயையும் நன்றாகப் பழுத்த மாம்பழத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் கொளுத்தும் இடத்தில் திராட்சை சட்டென்று பழுத்து, இனிப்பு ஏறி, புளிப்பு இறங்கிவிடும். குளிர்ப் பிரதேசத்தில் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு தங்கும். குமிழி ஒயினுக்கு உயிரே அந்தப் புளிப்புதான்.

முதலில் திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்துச் சாதாரண ஒயின் ஆக்குகிறார்கள். பிறகு அதை பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து இறுக மூடிவிடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்ஸைடை வெளியிடும். வெளியே போக வழி? ம்ஹூம்! அதனால் வாயு ஒயினிலேயே கரைந்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் 5, 6 மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தொடும். கார் டயரில்கூட அதில் பாதிதான் இருக்கும். தடித்த கண்ணாடியும் கார்க்கைக் கட்டிவைக்கும் கம்பியும் சும்மா அழகுக்கு இல்லை!

வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் படியும். அதோடு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஊறும்போதுதான் வறுத்த ரொட்டி வாசம் வருகிறது. கடைசியில் பாட்டிலைத் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, அந்த இடத்தை மட்டும் உறைய வைத்துத் திறப்பார்கள். வண்டல், ஐஸ் கட்டியாகத் தெறித்து வெளியே வந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தது டோம் பெரிக்னான் என்ற பிரெஞ்சுத் துறவி என்று ஒரு கதை உண்டு. ஆனால், அவர் மடத்தின் ஒயின் கிடங்குப் பொறுப்புக்கு வந்ததே 1668-ல்தான். ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைப்பதைப் பற்றி, கிறிஸ்டோஃபர் மெரட் என்ற ஆங்கிலேயர் 1662-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை சமர்ப்பித்திருக்கிறார். பெருமை அவருக்கு, பெயர் பிரான்ஸுக்கு.

அந்தப் பெருமையை இங்கிலாந்து ரொம்ப காலம் கண்டுகொள்ளவே இல்லை. 1988-ல் ஓர் அமெரிக்கத் தம்பதி, மேற்கு சசெக்ஸின் நைடிம்பரில் ஷாம்பெயினின் அதே ரகங்களான ஷார்டொனே, பினோ நுவார், பினோ முனியேவை நட்டார்கள். (பின்னவை இரண்டும் கறுப்புத் திராட்சை. தோலின் நிறம் இறங்காமல் மென்மையாகப் பிழிந்தால் சாறு வெள்ளைதான்.) மண்ணும் கைகொடுத்தது. தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறையும் ஷாம்பெயினின் பாறையும் கடலுக்கு அடியில் தொடரும் ஒரே குடும்பம். மழைநீரை பஞ்சுபோல உறிஞ்சிவைத்து வேருக்குக் கொடுக்கும். ஷாம்பெயின் நிறுவனமான டெய்ட்டாஞ்சேவே 2015-ல் கென்ட்டில் நிலம் வாங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூமி சூடாவதும் இங்கே திராட்சை பழுக்க உதவுகிறது. அதில்தான் சிக்கலும். வசந்தம் சீக்கிரமே கதகதப்பானால் கொடி முன்னதாகத் துளிர்க்கும். பின்னால் ஏப்ரலில் ஒரே ஓர் இரவு உறைபனி இறங்கினால் துளிர் கருகிவிடும். அதைத் தடுக்க நடுராத்திரியில் வரிசை வரிசையாகப் பெரிய மெழுகுவத்திகளை ஏற்றிவைத்துக் காவல் இருக்கிறார்கள். அப்படியும் கோடை கைவிட்டால்? 2012-ல் குளிரும் மழையுமாகக் கோடை போனதால், அந்த வருடத் திராட்சை தரமில்லை என்று நைடிம்பர் ஒரு பாட்டில்கூடத் தயாரிக்கவில்லை.