பூ விற்கும் ஊர் சென்ட்டும் செய்யலாம்

பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, நந்தவனம் வைத்துப் பூப்பறித்து நாள்தோறும் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோனார் என்பது வைணவ மரபு. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருக்குப் பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் இன்றும் சன்னிதி இருக்கிறது. நந்தவனங்கள் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பூவெல்லாம் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தைக்கு லாரியில் வருகிறது. ஆனாலும் தமிழ்நாடு இன்னும் பூ நாடுதான். மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் பக்கம் விளையும் மல்லியில் ஒரு பங்கு பூக்கடைக்குப் போகாமல் ஆலைக்குப் போய், சாரமாக இறங்கி, பிரான்ஸ் முதலிய நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அங்கே வேறு சாரங்களோடு கலந்து, வெளிநாட்டுப் பெயர் தாங்கி, பல மடங்கு விலையில் நம் கடைகளுக்கே திரும்புகிறது. பூ நம்முடையது, சாரம் எடுப்பதும் நாம். வாசனையைக் கோக்கும் வேலையை மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தோம்? அந்த வேலையைப் பழைய பாணியில், சிறிய பேட்ச்சுகளாக, ஒரு மேசை அளவு இடத்தில் தமிழ்நாட்டிலேயே செய்ய முடியும், செய்யவும் வேண்டும். பழமை மேல் உள்ள ஏக்கத்தால் இதைச் சொல்லவில்லை. மல்லிகையின் இயல்பே அப்படிப்பட்ட கைவேலையைத்தான் கேட்கிறது.

குண்டுமல்லி சூடு தாங்காது. ரோஜாவைப் போல நீராவியில் வடித்தால் அதன் வாசம் கெட்டுவிடும். பறித்த பின்னும் மொட்டு உயிரோடு இருந்து, இரவில் விரிந்து, மணிக்கணக்கில் மணம் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஆலைக்காரர்கள் பகலில் மொட்டை வாங்கி வைத்து, இருட்டிய பின் அது விரியும்வரை காத்திருக்கிறார்கள். விரிந்த பூவை ஹெக்சேனில் ஊறவைத்து, அந்தக் கரைப்பானை ஆவியாக்கினால் மெழுகு போன்ற ‘கான்க்ரீட்’ மிஞ்சும். அதை ஆல்கஹாலில் அலசி மெழுகைப் பிரித்தால் கிடைப்பது ‘அப்சல்யூட்’. ஒரு டன் பூவுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு கிலோதான். அதை ஒரு காகிதப் பட்டையில் தொட்டு முகர்ந்தால் முதலில் பூ தெரியாது; அந்துருண்டை நெடி கொஞ்சம் வரும். அது இண்டோல் என்ற பொருளின் வேலை. நேரம் போகப் போகத்தான் தலையில் சூடிய மல்லி மெல்ல எழுந்து வரும். மழைக்காலப் பூவுக்கும் கோடைப் பூவுக்கும் இந்தச் சாரத்தில் வித்தியாசம் உண்டு. லட்சக்கணக்கான பாட்டில்கள் ஒரே மாதிரி மணக்க வேண்டிய பெரிய கம்பெனிக்கு அந்த வித்தியாசம் ஒரு தொல்லை. பல லாட்டுகளைக் கலந்து அதைச் சமன் செய்துவிடும், அல்லது இயற்கைச் சாரத்தைத் துளியாகக் குறைத்துவிடும். இருநூறு பாட்டில் செய்கிறவருக்கு அந்தக் கட்டாயமில்லை. வருஷா வருஷம் மாவடு ருசி மாறுவதை ஏற்றுக்கொள்கிற மாதிரி, இந்தப் பருவத்து மல்லியை இந்தப் பேட்ச்சில் அப்படியே விட்டுவிடலாம்.

பழைய பாணி என்றால் முழுக்க இயற்கை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1882இல் வந்த ‘ஃபூஜேர் ரொயால்’ சென்ட்டிலேயே ஆய்வுக்கூடத்தில் செய்த கூமரின் இருந்தது. 1921இன் ‘ஷனேல் நம்பர் 5’ பிரான்ஸின் கிராஸ் ஊர் மல்லிகையோடு செயற்கை ஆல்டிஹைடுகளையும் சேர்த்தே பெயர் வாங்கியது. பழைய பாணியின் அடையாளம் அளவில் இருக்கிறது: பூச்சாரம் தாராளமாக, அடியில் சந்தனம், பிசின், பாசி என்று கனமான பொருள்கள், காலையில் ஒரு மணம் மாலையில் வேறொரு மணம். நமக்கு இது அந்நியமே இல்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் கூந்தலுக்குப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் சொல்லப்படுகிறது. வாசனைப் பொருள்களை இனம் பிரித்து, எண்ணிக் கூட்டத் தெரிந்த சமூகத்தின் பேச்சு அது. வடக்கே கன்னோசியில் செப்பு அண்டாவில் பூவைக் காய்ச்சி, மூங்கில் குழாய் வழியே ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கும் அத்தர் தொழில் இன்றும் நடக்கிறது.

புனுகும் கஸ்தூரியும் இல்லாமல் என்ன பழைய பாணி என்று கேட்பவர்கள் உண்டு. விலங்கைக் கூண்டிலடைத்தோ கொன்றோ எடுத்த அந்தப் பொருள்கள் திரும்ப வேண்டியதில்லை; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. கஸ்தூரி வெண்டை விதையில் நல்ல கஸ்தூரி வாசம் இருக்கிறது, அது போதும். சந்தன எண்ணெய் விலை எட்டாது என்பதும் உண்மைதான். அதனால்தான் இன்று பல அத்தர்களில் சந்தனத்தின் இடத்தில் பாரஃபின் எண்ணெய் நிற்கிறது. கிராம் கணக்கில் வாங்குகிற சிறு தொழில்காரருக்கு அசல் சந்தனம் ஓரளவு கட்டுபடியாகும். கட்டுபடியாகாதபோது எதைச் சேர்த்தார் என்று சொல்லிவிடலாம்.

இவற்றைவிடக் கனமானது பாதுகாப்புக் கேள்வி. இயற்கை என்பதால் தோலுக்கு ஆகும் என்று பொருளில்லை. ஓக் மரப் பாசியில் இயல்பாகவே உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டையும் ஒவ்வாமை காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை செய்தது. மல்லிகைச் சாரத்துக்குக்கூட சர்வதேச வாசனைப் பொருள் அமைப்பான இஃப்ரா உச்சவரம்பு வைத்திருக்கிறது. பழைய செய்முறையை அப்படியே நகலெடுப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் தீங்கு. அட்ரனால் நீக்கிய பாசிச் சாரம் கிடைக்கிறது. அதைக் கொண்டு செய்முறையைத் திருத்துவதே சரி. விற்பனைக்குச் செய்வதானால் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி உரிமமும் வேண்டும். ஆல்கஹால் வைத்திருக்கத் தனி அனுமதி.

இங்கேதான் பூந்தமல்லி இருக்கும் சென்னையின் மேற்குப் புறநகர் நினைவுக்கு வருகிறது. சிறுதொழிலுக்கென்றே 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்தில், கோயம்பேட்டுப் பூ மொத்தச் சந்தையும் பக்கத்தில். கன்னோசியில் 1991 முதல் ஒரு வாசனை மேம்பாட்டு மையம் சிறு தயாரிப்பாளர்களுக்குப் பயிற்சியும் சோதனையும் தருகிறது. அதுபோல அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு பொது ஆய்வகம் அமைந்தால், ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க முடியாத வாயு நிறப்பகுப்புக் கருவியைப் பத்துப் பேர் சேர்ந்து பயன்படுத்தலாம். சந்தனத்தில் கலப்படமா என்பது அதில் தெரிந்துவிடும். வாங்க ஆள் வேண்டுமே என்றால், மல்லி, மரிக்கொழுந்து, சம்பங்கி, வெட்டிவேர் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரிந்த மூக்கு இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. வாங்குகிறவர்கள் கையில் கொடுக்கிற குப்பியில் பேட்ச் எண், பூ பறித்த மாதம், பூ வந்த ஊர், அடியெண்ணெய் எது, ஒவ்வாமை தரக்கூடியவை எவை என்று தமிழிலேயே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.