புலி முத்திரையும் சிவன் கொடையும்

கல்லில் வெட்டிய ஆணைக்கு முத்திரை வேண்டாம், செப்பேட்டுக்கு வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில், எசாலத்தில் 1987இல் கிடைத்த முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள், ராஜகுரு சர்வசிவ பண்டிதர் எடுப்பித்த சிவன் கோயிலுக்குத் தந்த கொடையைச் சொல்கின்றன. ஏடுகளைக் கோத்த வளையத்தின் முனைகளை முத்திரைக்குள் பற்றவைப்பது சோழர் வழக்கம். வளையத்தையோ முத்திரையையோ உடைக்காமல் ஓர் ஏட்டைக்கூட மாற்ற முடியாது.

ராஜேந்திரனின் முத்திரையில் அமர்ந்த புலி, பக்கத்தில் இரண்டு கயல், கீழே வில், மேலே குடை, இருபுறமும் சாமரம். விளிம்பைச் சுற்றிக் கிரந்த எழுத்து. கொடை சிவனுக்கு, முத்திரையிலோ சிவன் இல்லை! பாண்டியன் மீனையும் சேரன் வில்லையும் புலிக்குப் பக்கத்தில் அடக்கிவைத்த அரசியல்தான் இருக்கிறது. முந்திய பல்லவர் அப்படியல்ல. அவர்கள் சின்னம் காளை. காசாக்குடிச் செப்பேட்டு முத்திரையில் அதன் மேல் லிங்கமும் உண்டு.

முத்திரையில் சமய உருவம் வைப்பது வேறிடத்திலும் உண்டு. ராஜேந்திரன் காலத்திலேயே பைசாந்தியப் பேரரசில் அதிகாரிகளும் ஆயர்களும் ஈய முத்திரையில் கன்னி மரியாளையும் புனிதர்களையும் பொறித்து, தம்மைக் காக்கும்படி வேண்டுதலும் எழுதினார்கள்.

கோயில்களில் கல்லில் வெட்டிய ஆணைகளையும் படித்துப் பாருங்கள். எழுத்தின்மேல் விபூதி, எண்ணெய் பூச வேண்டாம்.