நாய்க்கு ஒரு படுக்கை, நோயாளிக்குக் கட்டில்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "வீட்டில் நாய் இருக்கிறதே, அதை என்ன செய்வது?" என்பதாகும். மஞ்சக்குட்டை போன்ற மலைச் சிற்றூர்களில் இக்கேள்வியைத் தள்ளிவிட இயலாது. காபித் தோட்டங்களுக்கிடையே தனித்தனியாக அமைந்த வீடுகளுக்கு நாயே இரவுக் காவல். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுப் பகுதியில் பனிக்காலத்துச் சிமெண்டுத் தரை சில்லிட்டுக் கிடக்கும். நாய் கட்டிலையும் சோபாவையும் நாடுவது குறும்பினால் அன்று, குளிரினால்.

நோயாளி வருவதை முன்னிட்டு நாயைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று சிலர் எண்ணுகின்றனர். பெரும்பாலான வீடுகளில் அதற்குத் தேவை இல்லை. விடப்பட்ட நாய் தடுப்பூசியின்றித் திரிந்து ஊருக்கே ஆபத்தாகலாம். அதனோடு பழகிய நோயாளியும் மனம் வாடுவார். நாய்க்கென்று நல்லதொரு படுக்கையும், கட்டில் நோயாளிக்கே உரியது என்னும் ஒழுங்கும் இருந்தால் போதும்.

கட்டிலில் ஏன் கூடாது?

நாய் நக்கினால் புண் ஆறும் என்னும் நம்பிக்கை இன்னும் பல குடும்பங்களில் உள்ளது. அது தவறு. நலமாக இருக்கும் நாயின் வாயிலும் பாஸ்டுரெல்லா, காப்னோசைட்டோஃபாகா முதலிய பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், கீமோதெரபி பெறுபவர்கள், கல்லீரல் நோயுற்றவர்கள் ஆகியோருக்கு இவை இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். நெடுநாள் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள், உறங்கும்போது நாய் காலை நக்கினாலும் கடித்தாலும் உணர்வதில்லை. நாய் விரலைக் கடித்துச் சிதைத்த பிறகே விழித்தவர்களைப் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் உள்ளன.

வெறிநோய் எனப்படும் ரேபிஸ் குறித்தும் ஒன்றை அறிய வேண்டும். காயமில்லாத தோலை நாய் நக்கினால் தடுப்பூசி தேவையில்லை. ஆனால் தையல் போட்ட இடத்தையோ ஆறாத புண்ணையோ நக்குவதை, இரத்தம் வரக் கடிப்பதற்கு நிகராக, மூன்றாம் வகை என்றே உலகச் சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. அவ்வாறு நேர்ந்தால் புண்ணைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கழுவுதலை வீட்டிலேயே முடித்துவிட்டுப் புறப்படுங்கள். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்; அடுத்து என்ன தேவை என்பதை அவர் முடிவு செய்வார்.

உண்ணியும் படுக்கையும்

நாயுண்ணி நாயின் உடலிலேயே வாழ்நாள் முழுவதும் இருப்பதில்லை. வாழ்வின் மூன்று பருவங்களிலும் இரத்தம் குடித்தபின் கீழே விழுந்து, விரிப்பு மடிப்பிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்துகொள்கிறது. பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுவதும் அங்கேதான். நாய் எங்கே உறங்குகிறதோ அங்கே உண்ணி பெருகும். அது நோயாளியின் மெத்தையாக இருக்கலாகாது.

நாயுண்ணியால் பரவும் ஒருவகைக் காய்ச்சலில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூடச் செம்புள்ளிகள் தோன்றும். செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று குறிப்பிடும் ஸ்க்ரப் டைபஸ் வேறு. அது புதர்களில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணிகளின் கடியால் வருவது. அதில், கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு காணப்படலாம். காலத்தே கண்டறிந்தால் இரண்டுமே டாக்சிசைக்ளின் மருந்தினால் குணமாகக்கூடியவை. காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வருபவர்கள், வீட்டில் நாய் இருப்பதையும் தோட்ட வேலைக்குச் சென்றதையும் தவறாமல் சொல்லுங்கள்.

எத்தகைய படுக்கை?

விலையுயர்ந்த படுக்கை வேண்டியதில்லை. கீழ்க்காணும் நான்கையும் பாருங்கள்.

முதலாவது, அளவு. நாய் கால்நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கிலிருந்து வாலின் அடிவரை அளந்து, அதனோடு ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள். சுருண்டு படுப்பதற்கு மட்டும் இடமிருந்தால், கால் நீட்ட அது மீண்டும் சோபாவைத் தேடும்.

இரண்டாவது, உயரம். தரையின் குளிர் ஏறாதவாறு நான்கு விரல் உயரமுள்ள மரப்பலகையின் மேல் படுக்கையை அமைப்பது நன்று. வயது முதிர்ந்த நாய்க்கு மூட்டுவலி இருக்கும்; அதற்கு இதைவிட உயரம் வேண்டாம்.

மூன்றாவது, தடிமன். முழங்காலை ஊன்றி அழுத்திப் பாருங்கள். அடிப்பலகை தட்டுப்படக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற மெலிந்த குறுமுடி நாய்களுக்குக் கடினமான தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் காய்ப்பு ஏற்படும்.

நான்காவதும் முதன்மையானதும், துவைக்க இயலுவது. இலவம்பஞ்சு மெத்தையைத் துவைக்க முடியாது, அதனைத் தவிர்க்கவும். பழைய பவானி ஜமக்காளத்தையோ கம்பளியையோ பலவாக மடித்து, கழற்றக்கூடிய பருத்தி உறையிட்டால் போதும். வாரம் ஒருமுறை உறையைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் துணி உலர நாள்கள் ஆகுமாதலால் மூன்று உறைகள் வைத்துக்கொள்ளுங்கள். ஈர உறையில் பூஞ்சை பிடிக்கும். தோட்டத்தில் எளிதாகக் கிடைக்கிறதென்று காபிப் பழத்தோலைச் சாக்கில் நிரப்பிப் படுக்கையாக்க வேண்டாம். நாய்களுக்கு நஞ்சாகும் காஃபீன் அதில் உள்ளது.

பழக்குவது எப்படி?

சிகிச்சை நாள் முன்பே தெரிந்திருந்தால், இரண்டு வாரங்களுக்கு முன்னரே தொடங்குங்கள். நோயாளி உடுத்திய பழைய சட்டை ஒன்றை நாயின் படுக்கையில் விரித்தால், பழகிய மணத்தை நாடி அது அங்கே படுக்கும். வீட்டார் நடமாட்டம் நாய்க்குத் தெரியும்படியும், வாடைக்காற்று படாதபடியும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நோயாளி இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் வைக்க வேண்டாம். இருட்டில் நாயின்மேல் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதியோருக்கு நேரக்கூடியதே.

படுக்கையில் தானாகப் படுக்கும்போதெல்லாம் ஒரு துண்டு ரொட்டியோ ஓர் அன்பான சொல்லோ கொடுங்கள். கட்டிலில் அமர்ந்து உணவு ஊட்டாதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் அறைக்கதவைச் சாத்துங்கள். சோபாவின்மேல் நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள். வீட்டார் அனைவரும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும். தாத்தா தடுப்பதைப் பேரன் இரகசியமாக அனுமதித்தால், நாய் பேரனின் விதியைத்தான் கற்கும்.

அடிப்பது பயன் தராது. கட்டிலிலிருந்து இறங்க மறுத்து உறுமும் நாயைக் கழுத்துப்பட்டியைப் பற்றி இழுக்காதீர்கள். கடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான். சற்றுத் தள்ளி நின்று உணவைக் காட்டி அழையுங்கள். உறுமுதல் தொடர்ந்தால் கால்நடை மருத்துவரை அணுகுங்கள். உண்ணி மருந்தும் தடுப்பூசியும் அவர் வழியாகவே அமையட்டும்.

நாயைத் தடவிக்கொடுக்க நோயாளி விரும்பினால், காயம் மூடியிருக்கும் நிலையில், நாற்காலியில் அமர்ந்து தடவலாம். பிறகு கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கீமோதெரபி பெறுபவர்களும் மண்ணீரல் இல்லாதவர்களும் எங்களிடம் கேட்ட பின்னரே நாயை அருகில் விடுங்கள்.

வீடு திரும்பும் நாளில் மருந்துகளைப் பற்றிக் கேட்கும்போதே, வீட்டில் நாய் இருப்பதையும் அது இதுவரை எங்கே உறங்கியது என்பதையும் எங்களிடம் கூறுங்கள். நோயாளியின் நிலைக்கேற்ப, நாய் எத்தனை வாரம் அறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதையும் குறித்துத் தருகிறோம்.