கிடாருக்கு அடங்காத குழல்

‘ஹயோகா’ என்ற கொரியப் பாட்டின் இடையிசை வரும்போது தமிழ்க் காது தானாக நிமிரும். ராப் வரிகள் ஓடி முடிந்திருக்கும். ஹெவி மெட்டல் கிடார் கரகரக்க, டிரம்ஸ் அதிரும். அந்த அமளிக்கு மேலே ஒரு குழல் எழும்பும், கோயில் புறப்பாட்டில் நாம் கேட்டுப் பழகிய நாதத்தின் சாயலோடு. இத்தனை மின்னிசைக்கு நடுவிலும் அது துளியும் அமுங்குவதில்லை.

1993இல் வெளியான ‘சோ தேஜி அண்ட் பாய்ஸ்’ குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் இருக்கிறது இந்தப் பாட்டு. சோ தேஜிக்கு அப்போது வயது 21. அதற்கு முன் ‘சினாவே’ என்ற மெட்டல் குழுவில் பேஸ் கிடார் வாசித்தவர். 1992இல் இந்த மூவர் குழு முதன்முதலாகத் தொலைக்காட்சிப் போட்டியில் பாடியபோது நடுவர்கள் தந்தது மிகக் குறைந்த மதிப்பெண். இளைஞர்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. மறு வருடம் வந்த இந்த ஆல்பம் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. ராப், மெட்டல், ஹவுஸ் நடன இசை, மென்மையான காதல் பாட்டு என்று எல்லாம் இதில் உண்டு. ஆனால் ஆல்பத்தின் உயிர் ‘ஹயோகா’தான்.

அதில் ஒலிக்கும் குழலின் பெயர் தேப்யோங்சோ. வாசித்தவர் ‘சாமுல்நோரி’ தாளக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிம் டக்சூ. இந்தக் குழல் சீனா வழியாகக் கொரியாவுக்கு வந்தது கோர்யோ அரசின் கடைசிக் காலத்தில். பாட்டின் தலைப்பும் அதே காலத்தில், பின்னாளில் அரசரான யீ பாங்வோன் பாடியதாகச் சொல்லப்படும் ஒரு குறுங்கவிதையின் பெயர். இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

குழலைக் கையில் எடுத்துப் பார்த்தால் நமக்கு அந்நியமாகத் தெரியாது. நாணலில் செய்த சிறிய சீவாளி, கீழே போகப் போக அகலும் மர உலவு, நுனியில் விரிந்த உலோக அணசு. துளைகள் எட்டு. நாகஸ்வரமும் இதுவும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் பலமெல்லாம் கூம்பு வடிவத்தில் இருக்கிறது. கிளாரினெட்டைப் போல ஒரே அகலத்தில் செல்லும் குழாயில் சீவாளி பொருத்தி ஊதினால், அடிச்சுரத்தின் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை மடங்குகளே ஓங்கி ஒலிக்கும். கூம்புக் குழாயில் இரண்டு, மூன்று, நான்கு என எல்லா மேற்சுரங்களும் சேர்ந்து எழும். ஒரு சுரம் ஊதினால் அதன் மேல் அடுக்கடுக்காக ஒலி கிளம்புகிறது.

இதோடு நம் காதும் கைகொடுக்கிறது. காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனையில் செவிப்பறை மூடியிருக்கும். இந்த அளவுள்ள குழாய் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தானாகவே பெருக்கிக் காட்டும். தேப்யோங்சோவின் மேற்சுரங்கள் அந்த இடத்தில் செறிந்து கிடக்கின்றன. திறந்தவெளியில், அரசர் ஊர்வலத்தில், முரசுக்கும் தாளத்துக்கும் மேலே கேட்கவேண்டிய குழல் அல்லவா!

கிடாரின் கரகரப்பும் மேற்சுரங்களால் ஆனதுதான். ஆம்ப்ளிஃபயரைத் தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. அந்த வெட்டிலிருந்து புதிய மேற்சுரங்கள் முளைக்கின்றன. ஆனால் கிடாருக்கான ஒலிபெருக்கி சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும். குழலுக்கு அந்தத் தடை இல்லை. இன்னொரு உறவும் உண்டு. கிடார்க் கலைஞர் தந்தியை இழுத்துச் சுரத்தை வளைப்பார், குழல் கலைஞர் உதட்டாலும் மூச்சாலும் வளைப்பார். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் இந்தக் குணம் இரண்டுக்கும் பொது. அதனால்தான் ‘ஹயோகா’வில் குழல் ஒட்டவைத்த அலங்காரமாகத் தெரியாமல் கிடாரோடு பேசுவதுபோல் கேட்கிறது.

27 ஆண்டுகள் கழித்து, 2020 மே மாதம், பி.டி.எஸ். குழுவின் சுகா ‘அகஸ்ட் டி’ என்ற பெயரில் ‘டி-2’ தொகுப்பை வெளியிட்டார். அதன் முதன்மைப் பாட்டான ‘தேச்விதா’ பழைய அரச ஊர்வல இசையின் பெயரையும் ஒலியையும் எடுத்துக்கொண்டு டிராப் தாளத்தில் ஓடுகிறது. டிராப்பின் பேஸ் ஒலி 50 ஹெர்ட்ஸை ஒட்டி அடிவயிற்றில் அதிரும். குழல் உச்சியில் நிற்கும். நடுவில் குரலுக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இது 76ஆம் இடம் பிடித்தது. ஒலியமைப்பு என்று பார்த்தால் இதுவே கச்சிதமானது. துணிச்சலில் 1993தான் ஒரு படி மேல்.

இரண்டையும் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். பிறகு ஒலியளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். மெல்லிய ஒலியில் நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் சரியாக எட்டாது என்பதால் முதலில் பேஸ் மறையும். கடைசி வரை கேட்பது எது என்று நீங்களே கவனியுங்கள்.