கட்டணமில்லாக் கல்வியின் விலை: ஐரோப்பாவில் நிதியியல் பயில விழையும் தலித் மாணவர் கணக்கிட வேண்டியவை

1916ஆம் ஆண்டு இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்த அண்ணல் அம்பேத்கர், பரோடா சமஸ்தானம் வழங்கிய உதவித்தொகையின் காலம் முடிந்ததால் மறு ஆண்டே படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்பினார். பம்பாய் சிட்னம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணத்தோடும், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் உள்ளிட்டோரின் உதவியோடும் 1920இல் மீண்டும் கப்பலேறினார். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் முனைவர் பட்டம் பெற்றார். 1925இல், இந்திய நாணய முறையை ஆராய்ந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியமளித்தார். நிதித்துறையில் அவ்வளவு ஆழம் கண்ட அறிஞரையும் இடையில் தடுத்து நிறுத்தியது திறமைக் குறைவன்று. பணம் உரிய நேரத்தில் இல்லாமையே.

ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் இந்தத் தடை மறையவில்லை. வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. ஐரோப்பாவில் குறைந்த செலவில் நிதியியல் படிக்கலாம் என்று கேள்வியுறும் முதல் தலைமுறைப் பட்டதாரி, முதலில் பார்ப்பது கல்விக் கட்டணத்தை. ஆனால் நிலமும் வீடும் இல்லாத குடும்பத்திலிருந்து செல்பவருக்குக் கட்டணத்தைக் காட்டிலும் முக்கியமான கேள்வி வேறொன்று: புறப்படுவதற்கு முன்பே கையில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும்?

ஜெர்மனி: கட்டணம் இல்லை, வாசற்படி உண்டு

ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் அயல்நாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. பருவத்திற்குச் சில நூறு யூரோ வரையிலான பங்களிப்புத் தொகை மட்டுமே. இதற்கு விலக்குகளும் உண்டு. வணிகவியலில் பெயர் பெற்ற மன்ஹைம் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் பருவத்திற்கு 1,500 யூரோ பெறுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் இத்தகைய மாணவரிடம் கட்டணம் விதிக்கிறது.

கட்டணமே இல்லாத இடத்திலும் விசா பெற, ஓராண்டு வாழ்க்கைச் செலவு கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் தனிக் கணக்கில் அதனை முன்கூட்டியே செலுத்திவிட வேண்டும். மாதம் 992 யூரோ வீதமே திரும்ப எடுக்கலாம். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று குறைத்து மதிப்பிட்டாலும் இது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய்.

இந்திய வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணை வேண்டும். தாங்கள் பட்டியலிட்ட சில நிறுவனங்களுக்குச் செல்வோருக்கு மட்டும் சில வங்கிகள் இவ்விதியைத் தளர்த்துகின்றன. ஆக, 'இலவசக் கல்வி' தரும் நாட்டின் வாசற்படியே, பிணையில்லாக் கடனின் வரம்பைத் தாண்டி நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக நிலவுடைமை மறுக்கப்பட்ட சமூகத்திற்கு இது வெறும் நிர்வாக விதியன்று. சொத்து இல்லை என்ற பழைய அநீதி, விசா விண்ணப்பத்தில் புதிய தகுதிக் குறைவாக மாறுகிறது.

இந்தப் படியைத் தாண்ட வேறு வழியும் உண்டு. முழுமையான உதவித்தொகைக்கான சான்று இருந்தால், முன்பணம் கட்ட வேண்டியதில்லை. ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், அயல்நாட்டு மாணவருக்கு முதுநிலை உதவித்தொகைகளை வழங்குகிறது. ஹைன்ரிஷ் போல், ரோசா லுக்சம்பர்க், ஃபிரெட்ரிக் எபர்ட் ஆகியோரின் பெயரிலான அறக்கட்டளைகள் மதிப்பெண்ணோடு சமூகப் பணியையும் எடைபோடுகின்றன. மாலை நேரப் பயிற்சி மையம் நடத்தியதும் அம்பேத்கர் வாசகர் வட்டத்தில் செயல்பட்டதும் இங்கே தகுதியாகக் கருதப்படக்கூடியவை. தயங்காமல் எழுத வேண்டும்.

ஆஸ்திரியா, இத்தாலி, பிரான்ஸ்

ஆஸ்திரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பருவத்திற்கு 726.72 யூரோ. வியன்னா பொருளியல், வணிகவியல் பல்கலைக்கழகம் அளவுசார் நிதியியலை ஆங்கில வழியில் கற்பிக்கிறது. ஆனால் 24 வயதைக் கடந்தவர் தங்கும் உரிமைக்காகக் காட்ட வேண்டிய தொகை, இளையவர் காட்டுவதைவிட மிக அதிகம். குடும்பத்தைத் தாங்கச் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் படிக்கச் செல்பவர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இத்தாலிய அரசுப் பல்கலைக்கழகங்கள் குடும்ப வருமானத்தின் அடிப்படையில் கட்டணத்தைக் குறைக்கின்றன. வட்டார அரசுகள் வழங்கும் உதவித்தொகைக்கு அயல்நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைவு என்பது தடையாக அன்றித் தகுதியாகக் கொள்ளப்படும் அரிய இடம் இது. வருமானச் சான்றுகளை முறைப்படி மொழிபெயர்த்துச் சான்றொப்பம் பெறக் காலம் பிடிக்கும். உதவித்தொகை தவணைகளாகவே வரும் என்பதால் முதற்சில மாதங்களுக்குக் கைப்பணம் தேவை.

பிரான்ஸ் 2019இல் அயல்நாட்டு முதுநிலை மாணவருக்கு ஆண்டுக்கு 3,770 யூரோ என்ற உயர்கட்டணத்தைக் கொண்டுவந்தது. பின்னர் அது மேலும் உயர்ந்தது. இருப்பினும் விலக்களிக்கும் பல்கலைக்கழகங்கள் உள்ளன.

உதவித்தொகையின் விதிகள்

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கானது. அவற்றில் 115 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு உரியவை. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கியூஎஸ் உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் வரும் பல்கலைக்கழகமாகவும் இருக்க வேண்டும். நிதியியல் மாணவர் இடறி விழக்கூடிய இடம் இதுவே. வணிகவியலை மட்டும் கற்பிக்கும் தனித்துறை நிறுவனங்கள், எத்துணைப் புகழ் பெற்றிருப்பினும், அந்தப் பொதுப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. மிலான் நகரின் பொக்கோனி அதற்கு எடுத்துக்காட்டு. பல துறைகளைக் கொண்ட ஃபிராங்க்ஃபர்ட் கோதே பல்கலைக்கழகமோ பொலோஞா பல்கலைக்கழகமோ இவ்விதிக்குப் பொருந்தும்.

தேர்வு பெற்றுவிட்டால் பணம் உறுதி என்றும் இருந்துவிட இயலாது. 2025இல் தெரிவு செய்யப்பட்ட 106 பேரில் 40 பேருக்கே முதற்கட்டத்தில் ஒப்புதல் கடிதம் தரப்பட்டது. எஞ்சியோருக்கு நிதி இருப்பைப் பொறுத்து வழங்கப்படும் என்றது அமைச்சகம். தமிழ்நாட்டு மாணவருக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இன்னொரு வழி. ஒரே உதவித்தொகையை நம்பி ஒரே பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிப்பதைத் தவிர்க்க வேண்டும். உதவி கிடைத்தால் செல்ல ஒன்று, கிடைக்காவிடில் செல்ல ஒன்று என இரு தடங்களில் விண்ணப்பிப்பதே பாதுகாப்பு.

நகரமும் மொழியும்

ஐரோப்பிய மத்திய வங்கியும் ஜெர்மனியின் மத்திய வங்கியும் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ளன. அந்நகரில் படிப்பது பயிற்சி வேலைக்கு அருகில் இருப்பதாகும். பட்டம் பெற்றபின் வேலை தேட ஜெர்மனி 18 மாதங்கள் தருகிறது. ஆனால் ஆங்கில வழியில் பட்டம் பெறலாம் என்பதும் ஆங்கிலத்தில் வேலை கிடைக்கும் என்பதும் ஒன்றல்ல. வாடிக்கையாளரோடு பேசும் வங்கிப் பணி, கணக்குத் தணிக்கை, வரி ஆகியவற்றுக்கு ஜெர்மன் மொழி வேண்டும். இடர் மதிப்பீடு, தரவுப் பகுப்பாய்வு போன்ற பணிகளில் ஆங்கிலத்திற்குச் சற்றுக் கூடுதல் இடமுண்டு. எனவே புறப்படும் முன்பே மொழி கற்கத் தொடங்குவது பாதிச் செலவை மீட்பதற்கு ஒப்பாகும்.

பட்டப் படிப்பில் கணிதம், புள்ளியியல், பொருளியல் ஆகியவற்றில் எத்தனை அலகுகள் பயின்றோம் என்பதையும் முதலில் சரிபார்க்க வேண்டும். நிதியியல் முதுநிலைச் சேர்க்கையில் பல விண்ணப்பங்கள் இங்கேயே நிராகரிக்கப்படுகின்றன. ஜெர்மனி செல்வோர் இந்தியச் சான்றுகளைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றிதழையும் பெற வேண்டும். 2022 நவம்பர் முதல் இது கட்டாயம்.

சேர்க்கை முகவர்களிடமும் எச்சரிக்கை தேவை. அவர்களுக்குத் தரகு தருபவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்களே. கட்டணமில்லா அரசுப் பல்கலைக்கழகத்தை முகவர் பரிந்துரைக்காதது அது தரமற்றது என்பதால் அன்று. அதில் அவருக்கு வருவாய் இல்லை என்பதால்.

கோர வேண்டியது

தனி மாணவரின் விழிப்பு மட்டும் போதாது. விசாவுக்கான வைப்புத்தொகைக்கு அரசே உத்தரவாதம் அளிக்கலாம். அத்தொகை மாணவரின் வாழ்க்கைச் செலவாகவே திரும்புவது. தரவரிசை விதியில் துறைவாரிப் பட்டியலையும் ஏற்கலாம். பருவம் தொடங்கும் முன்பே தெரிவையும் நிதி ஒதுக்கீட்டையும் முடிக்கலாம். இவை சலுகைகள் அல்ல. யாருக்குக் கடன், யாருடைய நிலத்திற்கு மதிப்பு, எந்தத் தொழிலுக்கு முதலீடு என்று தீர்மானிக்கும் துறை நிதித்துறை. கடன் மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்த மேசையின் மறுபக்கம் அமர வேண்டுமானால், 1917இல் அண்ணலைத் திருப்பி அனுப்பிய அந்த இடைவெளி, இன்று புறப்படுபவருக்கு முன்னால் மீண்டும் திறந்திருக்கலாகாது.