உங்களுக்குத் தெரியுமா? ஸ்டீயரிங்கை ஒடித்தால் கீச்சிடுவது எது?

பிரிக்பீல்ட்ஸ் சந்தில் காரை நிறுத்த ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ‘கீச்ச்’ என்று கத்துகிறதா? புரோட்டோன் வீரா போன்ற ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வண்டியென்றால் முதல் சந்தேகம் பெல்ட்மீதுதான். முழுக்க ஒடிக்கையில் பம்பின் சுமை ஏறும். தளர்ந்த பெல்ட் புல்லியில் வழுக்கிக் கத்தும். எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டின் உட்புறத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. கீச்சொலி இல்லாமல் முனகல் மட்டும் கேட்டால் ஸ்டீயரிங் எண்ணெய் குறைந்திருக்கலாம்.

2005இல் அறிமுகமான பெரோடுவா மைவியில் இருப்பது மின்சார ஸ்டீயரிங். அதற்குப் பம்பும் இல்லை, பெல்ட்டும் இல்லை. சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் ரப்பர்களைப் போர்மேனிடம் காட்டுங்கள்.

வீராவில் அந்த பெல்ட் அறுந்தால் ஸ்டீயரிங் சட்டென்று கனத்துவிடும். கிள்ளான் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் அது பெரிய ஆபத்து. கீச்சொலி கேட்ட வாரமே மாற்றிவிடுங்கள்.