எலும்பில் புற்றுநோயா? காலை வெட்டாமலே காப்பாற்றலாம்!
ஆலங்குளம்,
1970-ல் சிமெண்ட் ஆலை வந்த ஊர் இது. சிமெண்ட் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மனிதனின் எலும்புக்குள் போடுகிற சிமெண்ட் ஒன்றும் இருக்கிறது. புற்றுநோய் வந்த காலை வெட்டாமல் காப்பாற்றுவதில் அதற்கும் பங்கு உண்டு!

எலும்புப் புற்றுநோயில் ஒரு வகை 10 முதல் 20 வயதுப் பிள்ளைகளையே அதிகம் பிடிக்கிறது. பெரும்பாலும் முழங்காலை ஒட்டித்தான் வரும். ராத்திரியில் வலி கூடும், வீக்கம் வற்றாது.

வீட்டில் என்ன செய்கிறார்கள்? "கபடியில அடிபட்டிருக்கும்" என்று எண்ணெய் போட்டு உருவி விடுகிறார்கள். கட்டுப் போடுகிறார்கள். இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. உருவுவது கட்டி பரவ வழிவிடும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

பயம்

"பெரியாஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துடுவாங்க" என்ற பயம் வேறு. ஒரு காலத்தில் அது நியாயமான பயம்தான். கனடா வாலிபர் டெரி பாக்சுக்கு 1977-ல் இதே நோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். செயற்கைக் காலோடு 1980-ல் ஓடி ஓடி நிதி திரட்டினார். நோய் நுரையீரலுக்குப் பரவி 1981-ல் இறந்துபோனார்.

உலோக எலும்பு

இப்போது முதலில் கீமோதெரபி மருந்து. பிறகு கட்டி உள்ள எலும்பை, சுற்றியுள்ள நல்ல சதை கொஞ்சம் சேர்த்து எடுக்கிறார்கள். அந்த நீளத்துக்கு அளவெடுத்துச் செய்த உலோக எலும்பை வைக்கிறார்கள். மூட்டும் அதிலேயே கதவுக் கீல் மாதிரி இருக்கிறது. அதன் தண்டை மிச்ச எலும்பின் குழாய்க்குள் செருகி, சிமெண்ட் போட்டு நிறுத்துகிறார்கள். பொடியும் திரவமும் கலந்து பிசைந்தால் சில நிமிடத்தில் சூடேறி இறுகிவிடும். நம்ம ஊர் சுண்ணாம்புக்கல் சரக்கு அல்ல. பல் செட் செய்கிற பிளாஸ்டிக் இனம்.

சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் 1988 முதல் இந்த ஆபரேஷனைச் செய்து பெயர் வாங்கியவர். 2007-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நோய் பரவும் முன்பே வந்தால் 10 பேரில் 6, 7 பேர் பிழைக்கிறார்கள். எல்லோருக்கும் கால் தப்பும் என்று சொல்ல முடியாது. முக்கிய ரத்தக் குழாயையும் நரம்பையும் கட்டி சூழ்ந்துவிட்டால் எடுக்கத்தான் வேண்டும். வைத்த உலோகமும் தேயலாம், சீழ் பிடிக்கலாம். மறு ஆபரேஷன் வரலாம்.

முதல் வேலை எக்ஸ்ரே. 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியும் எட்டாத தூரமில்லை. சதைப் பரிசோதனைக்குக்கூட அவசரப்பட்டுக் கண்ட இடத்தில் கத்தி வைக்க விடாதீர்கள். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரே அந்த இடத்தைக் குறிக்க வேண்டும். போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.